முன்னாள் மாணவியர் வலையமைப்பு: தனிச் சங்கமா, உட்பிரிவா, வாட்ஸாப் குழுவா?

ஒரு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்த பெண்களை ஒன்றுசேர்க்க வேண்டும் என்று ஐந்தாறு பேர் கூடி உட்கார்ந்தால், அரை மணி நேரத்துக்குள் பேச்சு பெயருக்கும் இலச்சினைக்கும் தொடக்க விழாவுக்கும் தாவிவிடும். அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது வேறு: இந்த வலையமைப்பு யாருடைய கூரையின் கீழ் இருக்கப்போகிறது? பொதுவாக நான்கு வழிகள் உண்டு. வாட்ஸாப், லிங்க்ட்இன் போன்ற ஏதாவது ஒன்றில் குழு தொடங்கிவிடலாம். ஏற்கெனவே இயங்கும் முன்னாள் மாணவர் சங்கத்துக்குள் மகளிர் பிரிவு அமைக்கலாம். தனிச் சங்கமாகப் பதிவு செய்யலாம். பல்கலைக்கழக அலுவலகமே நடத்தட்டும் என்று விட்டுவிடலாம். நான்கிலும் நன்றாக நடப்பவை இருக்கின்றன. இரண்டாம் ஆண்டிலேயே படுத்துவிட்டவையும் நான்கிலும் இருக்கின்றன.

எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான இடங்களுக்கு மகளிர் பிரிவுதான் சரி, ஆனால் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு. அவை கிடைக்காவிட்டால் அந்த வழி நான்கிலும் மோசமானது. ஏன் என்பதைப் பார்க்க, இந்த வலையமைப்பால் ஒரு பெண்ணுக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அகலமும் ஆழமும்

அறிமுகமானவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்த அறிமுகமானவரை அந்தக் காலத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் கேட்டார். அவர் 1973-இல் வெளியிட்ட விடை: அடிக்கடி பார்த்தவர்கள் 16.7 விழுக்காடு, எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. காரணம் எளிது. நெருங்கிய தோழிக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நம் காதுக்கும் ஏற்கெனவே வந்திருக்கும். தூரத்து அறிமுகம்தான் நாம் எட்டிப் பார்க்காத இடத்திலிருந்து புதுச் செய்தி கொண்டுவருகிறது. 2022-இல் லிங்க்ட்இன் தளத்தின் 2 கோடி பயனர்களை வைத்து நடந்த பெரிய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. மிக நெருக்கமும் அல்லாத, அறவே அறியாததும் அல்லாத நடுத்தர அறிமுகங்களே வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவின. பத்து ஆண்டு மூத்தவர், வேறு துறையில் படித்தவர், ஆனால் அதே விடுதியில் இருந்தவர் என்றால் அது இந்த வகை அறிமுகம்தான்.

இதை மட்டும் வைத்துப் பார்த்தால் பெண்களுக்குத் தனி வலையமைப்பே தேவையில்லை, பொதுச் சங்கம் போதும் என்று தோன்றும். 2019-இல் வந்த இன்னோர் ஆய்வு அங்கேதான் குறுக்கே நிற்கிறது. மேலாண்மைப் பட்டம் பெற்றவர்களின் தொடர்புகளையும் அவர்கள் பெற்ற பதவிகளையும் ஒப்பிட்ட அந்த ஆய்வில், ஆண்களுக்குப் பரந்த தொடர்பே பெருமளவு கைகொடுத்தது. உயர் பொறுப்புகளுக்குப் போன பெண்களிடமோ பரந்த தொடர்போடு, பெண்களே பெரும்பான்மையாக இருந்த ஒரு சிறு உள்வட்டமும் இருந்தது. அந்த உள்வட்டத்துப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இடங்களில் தொடர்பு இருந்தால்தான் பயன் கூடியது. எல்லாருக்கும் ஒரே ஆட்களைத்தான் தெரியும் என்றால் வட்டம் நெருக்கமாக இருந்தும் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை.

உள்வட்டத்தில் பேசப்படுவது வேலை விளம்பரத்தில் வராத சங்கதி. எந்த நிறுவனத்தில் பேறுகால விடுப்புக்குப் பிறகு பழைய பொறுப்பைத் திருப்பித் தருகிறார்கள், சம்பளம் பேசும்போது எந்த எண்ணிலிருந்து தொடங்கலாம், எந்த மேலாளரின் கீழ் போகக் கூடாது என்பதெல்லாம் ஆயிரம் பேர் பார்க்கும் இடத்தில் யாரும் எழுதுவதில்லை.

ஆகவே அளவுகோல் இரண்டு: பொதுச் சங்கத்தின் அகலம், பெண்கள் மட்டுமே உள்ள சிறு வட்டத்தின் ஆழம். நான்கு வழிகளையும் இந்த இரண்டிலும், கூடவே வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலையை அவை விழுங்கும் என்பதிலும் உரசிப் பார்க்கலாம்.

வாட்ஸாப் குழு

பத்து நிமிடத்தில் தொடங்கிவிடலாம், செலவில்லை, எல்லாருடைய கையிலும் ஏற்கெனவே இருக்கிறது. ஒரே பேட்ச்சில் படித்த 30 முதல் 60 பேர் வரை என்றால் இதைவிட நல்ல கருவி கிடையாது. ஒருவரை ஒருவர் தெரியும், பேச்சு இயல்பாக ஓடும், யாராவது வரம்பு மீறினால் தோழியே அடக்கிவிடுவாள்.

சிக்கல் இந்த அளவைத் தாண்டும்போது வருகிறது. ஒரு வாட்ஸாப் குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் 200 பேரைத் தாண்டினாலே அது உரையாடல் அல்ல, அறிவிப்புப் பலகை. வழக்கமாக ஆறேழு பேர் மட்டும் பேசுவார்கள், மற்றவர்கள் சத்தத்தை அணைத்துவைத்து விடுவார்கள். காலை வணக்கப் படங்கள், ஃபார்வர்டுகள், ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ வகை விளம்பரங்கள் ஆகியவற்றுக்கு நடுவில் ஒருத்தி கேட்ட உண்மையான உதவி மூன்று மணி நேரத்தில் மேலே போய்க் காணாமல் போய்விடும்.

அதைவிடப் பெரிய குறை, கேட்கவே வராதவர்கள். வேலை போனவர், மணமுறிவுக்குப் பிறகு புது ஊரில் தனியாகத் தொடங்குபவர், எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின் திரும்ப நினைப்பவர் என யாருக்காக வலையமைப்பு தொடங்கினோமோ அவர்கள் 400 பேர் முன்னால் ‘எனக்கு வேலை வேண்டும்’ என்று எழுத மாட்டார்கள். அவர்கள் அமைதியாக இருப்பதைப் பார்த்துத் தேவையே இல்லை என்று நிர்வாகிகள் எண்ணிக்கொள்வதும் உண்டு.

தொலைபேசி எண் இன்னொன்று. குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் அத்தனை பேரின் எண்ணும் தெரியும். அழைப்பு இணைப்பை யாரோ வேறு குழுவில் போட்டுவிட்டால், அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்காதவர்களும் உள்ளே வந்து எண்களை அள்ளிக்கொண்டு போகலாம். பொது இணைப்பைத் தவிர்த்து, பேட்ச் பொறுப்பாளர் ஒவ்வொருவராகச் சேர்ப்பது இதற்கு முதல் தடுப்பு. வாட்ஸாப்பின் ‘சமூகம்’ (கம்யூனிட்டி) என்ற வசதியில் பேட்ச் குழுக்களைத் தனித்தனியாக வைத்து, மேலே ஓர் அறிவிப்புக் குழு மட்டும் வைப்பது இரண்டாவது. அதில் ஒரே உள்குழுவில் இல்லாத உறுப்பினர்கள் ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்க முடியாது, நிர்வாகிகளுக்கு மட்டும் தெரியும். மூன்றாவது, உதவி கேட்பதற்குக் குழுவுக்கு வெளியே ஒரு சிறு படிவம். அதை இரண்டே பேர் பார்ப்பார்கள், 48 மணி நேரத்துக்குள் ஒருவர் பதில் எழுதுவார் என்பதைப் படிவத்தின் மேலேயே எழுதிவையுங்கள்.

லிங்க்ட்இன் குழுவில் எண் தெரியும் தொல்லை இல்லை, பணி விவரமும் தானாகவே கிடைக்கிறது. ஆனால் அங்கே புதுப்பித்த பக்கம் வைத்திருப்பவர்கள் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள். வேலையை விட்டு விலகியிருப்பவர் கடைசியாக எப்போது உள்ளே போனார் என்பது அவருக்கே நினைவிருக்காது. வழிகாட்டிகளைத் தேட லிங்க்ட்இன் நல்லது. உதவி தேவைப்படுபவர்களை அங்கே தேடினால் கிடைக்க மாட்டார்கள்.

எந்தத் தளமானாலும் அது கருவி, அமைப்பு அல்ல. அட்மின் ஊர் மாறினாலோ சலித்துப்போனாலோ கைமாற்றிக்கொடுக்க அங்கே ஒன்றும் இருக்காது.

பல்கலைக்கழக அலுவலகம் நடத்துவது

சம்பளம் வாங்கும் ஊழியர், பட்டம் பெற்றவர்களின் பதிவேடு, கூட்டம் நடத்த அறை, அதிகாரபூர்வ மின்னஞ்சல் ஆகியவை எல்லாம் முதல் நாளே கிடைக்கும். வேலைவாய்ப்புப் பிரிவோடு சேர்ந்து இறுதியாண்டு மாணவிகளை மூத்தவர்களோடு இணைக்க இதுவே எளிய வழி.

குறை என்னவென்றால், அலுவலகத்தின் கணக்கு வேறு. முன்னாள் மாணவர் அலுவலகத்தை நிர்வாகம் அளப்பது பெரும்பாலும் நன்கொடையையும் நிகழ்ச்சிக்கு வந்த தலைகளையும் வைத்துத்தான். 38 வயதில் வேலைக்குத் திரும்ப முயலும் பெண் இந்த இரண்டிலும் ஏறமாட்டார். அந்த மேசையில் இருந்தவர் இடம் மாறினால் வேலை நின்றுவிடும். பல்கலைக்கழகத்தின் மேலேயே மனக்குறை உள்ளவர்களும் உண்டு. ஆய்வு வழிகாட்டியிடம் கசந்து வெளியேறியவர், கொடுத்த புகார் மூடப்பட்டதைப் பார்த்தவர் போன்றவர்கள் நிறுவனத்தின் முகவரியிலிருந்து வரும் அஞ்சலைத் திறக்கவே மாட்டார்கள். கூட்டாளியாக அலுவலகம் வேண்டும், உரிமையாளராக வேண்டாம் என்பது எங்கள் கணிப்பு.

தனிச் சங்கம்

இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1881 நவம்பரில் பாஸ்டன் நகரில் மரியன் டால்பட், எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் உள்ளிட்ட 17 பட்டதாரிப் பெண்கள் கூடிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு கல்லூரி முன்னாள் மாணவியர் சங்கம் முறைப்படி அமைந்தது. 1921-இல் அது அமெரிக்கப் பல்கலைக்கழகப் பெண்கள் சங்கமாயிற்று. அவர்கள் தனியாக நின்றதற்குக் காரணம் இருந்தது. ஒரு கல்லூரிக்குச் சில பெண்களே பட்டம் பெற்றிருந்த காலம் அது. பல கல்லூரிகளையும் சேர்த்தால்தான் கூட்டம் என்று சொல்லும்படி ஆள் சேரும்.

இன்னொரு காரணம், தாய் நிறுவனம் செய்யத் தயங்கும் வேலையைச் செய்வது. உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று எட்வர்டு கிளார்க் என்ற மருத்துவர் 1873-இல் எழுதியது அப்போது பரவலாக நம்பப்பட்டது. சங்கம் மறுத்து அறிக்கை விட்டதோடு நிற்கவில்லை. பட்டம் பெற்ற பெண்களுக்கே கேள்வித்தாள் அனுப்பியது. 705 பேர் பதில் எழுதினார்கள். பட்டதாரிப் பெண்களின் உடல்நலம் மோசமில்லை என்பதை 1885-இல் எண்களோடு வெளியிட்டது. இன்றைக்கும் தனிச் சங்கத்தின் தலையாய வலிமை இதுதான். பட்டம் பெற்ற பெண்கள் எங்கே போகிறார்கள், எந்த ஆண்டில் வேலையை விடுகிறார்கள், ஏன் விடுகிறார்கள் என்று கேட்டு, வரும் விடை நிறுவனத்துக்குச் சங்கடமாக இருந்தாலும் வெளியிடலாம்.

எல்லைகளைக் கடக்கவும் தனி அமைப்பு உதவியிருக்கிறது. 1919-இல் உருவான அனைத்துலகப் பல்கலைக்கழகப் பெண்கள் கூட்டமைப்பு, 1930-களில் நாஜி ஆட்சியிலிருந்து தப்பி வந்த பெண் அறிஞர்களுக்குத் தங்குமிடமும் உதவித்தொகையும் வேலையும் தேடிக்கொடுத்தது. ஒரே பல்கலைக்கழகத்தின் கிளையாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

இந்தப் பெருமைகளுக்கு ஒரு விலை உண்டு. பதிவு, துணைவிதிகள், வங்கிக் கணக்கு, ஆண்டுப் பொதுக்குழு, தணிக்கை, அரசுக்குத் தரவேண்டிய ஆண்டறிக்கை, நன்கொடைக்கான வரிவிதிகள் என்று எந்த நாட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இவை வந்து நிற்கும். பல்கலைக்கழகத்தின் பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்த எழுத்துமூல அனுமதி வேண்டும். பட்டியல் வெறுங்கையிலிருந்து தொடங்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூவரும் சேர்ந்து வாரத்துக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேலை செய்ய வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் அமைப்பை உயிரோடு வைத்திருப்பதற்கே போகும். இங்கே வழக்கமாக நடப்பது, நிர்வாகக் குழு தேர்தலுக்காகவே வாழத் தொடங்கிவிடுவது. ஆயுள் சந்தாவை ஒரே தடவையில் வாங்கிச் செலவழித்துவிட்டு நான்காம் ஆண்டில் வருமானமே இல்லாமல் விழிப்பது இன்னொன்று. ஆயுள் சந்தா வாங்கினால் அதை வைப்பாகப் போட்டு வட்டியை மட்டும் செலவழிக்க வேண்டும் என்று துணைவிதியிலேயே எழுதிவிட வேண்டும்.

அகலமும் குறையும். பொதுச் சங்கத்தில் இருக்கும் ஆண் பட்டதாரிகளிடம் உள்ள வேலைச் செய்தி தானாக இங்கே வராது. பெண்கள் மட்டும் படிக்கும் நிறுவனம் என்றால் இந்தக் கேள்வியே எழாது. அங்கே முன்னாள் மாணவியர் சங்கமும் பொதுச் சங்கமும் ஒன்றுதான்.

மகளிர் பிரிவு, அந்த மூன்று நிபந்தனைகள்

பொதுச் சங்கத்திடம் பதிவு, கணக்கு, தணிக்கை, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. ஒருங்கிணைப்பாளர் வாரத்துக்கு மூன்று மணி நேரமும் பேட்ச் பொறுப்பாளர்கள் மாதத்துக்கு ஒரு மணி நேரமும் கொடுத்தால் பிரிவு நடக்கும். அகலத்துக்குப் பொதுச் சங்கம், ஆழத்துக்குப் பிரிவு என்று மேலே சொன்ன இரண்டும் ஒரே கூரையின் கீழ் கிடைப்பது இங்கே மட்டும்தான்.

ஆனால் நடப்பில் பல மகளிர் பிரிவுகளின் கதி வேறு. ஆண்டு விழாவில் வரவேற்பு மேசை, கலைநிகழ்ச்சி, மகளிர் தினக் கூட்டம் ஆகிய மூன்றும்தான் அவற்றுக்கு ஒதுக்கப்பட்ட வேலை. பணம் கேட்டால் அடுத்த செயற்குழு வரை காத்திருக்க வேண்டும். பட்டியல் கேட்டால் தனியுரிமை என்பார்கள். அழைப்பிதழில் பெயர் இருக்கும், கையில் அதிகாரம் இருக்காது.

எனவே பிரிவைத் தொடங்கும் தீர்மானத்திலேயே மூன்றும் இடம்பெற வேண்டும். ஒன்று, பெண் பட்டதாரிகளின் பட்டியல். முழுப் பதிவேட்டையும் கேட்காதீர்கள், கொடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் கூடாது. சங்கமே தன் முகவரியிலிருந்து எல்லாப் பெண் உறுப்பினர்களுக்கும் ஓர் அஞ்சல் அனுப்பட்டும். அதிலுள்ள படிவத்தை நிரப்புபவர்களின் விவரம் மட்டும் பிரிவுக்கு வரட்டும். இப்படிக் கேட்டால் மறுக்கக் காரணம் இருக்காது. இரண்டு, சங்கக் கணக்குக்குள் தனித் தலைப்பு. பிரிவின் பெயரில் வரும் நன்கொடை அங்கேயே நிற்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட தொகை வரை முன் அனுமதியின்றி ஒருங்கிணைப்பாளரும் பொருளாளரும் சேர்ந்து கையெழுத்திட்டுச் செலவழிக்கலாம் என்றும் இருக்க வேண்டும். மூன்று, செயற்குழுவில் வாக்குரிமையோடு ஓர் இடம். ‘சிறப்பு அழைப்பாளர்’ என்ற சொல்லுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம்.

பொறுப்புக் காலம் பற்றி ஒரு சிறு யோசனை. ஒருங்கிணைப்பாளருக்கும் துணை ஒருங்கிணைப்பாளருக்கும் இரண்டு ஆண்டு, ஆனால் ஓராண்டு இடைவெளியில். இருவரும் ஒரே நாளில் விலகினால் கடவுச்சொல் முதல் காகிதம் வரை எல்லாம் அவர்களோடு போய்விடும். மின்னஞ்சல், படிவம், பட்டியல் எதையும் தனி ஒருவரின் சொந்தக் கணக்கில் வைக்காமல் பிரிவின் பெயரில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல்தான் உயிர்

எந்த வழியை எடுத்தாலும் வேலையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது. பெண் பட்டதாரிகளின் பட்டியல் ஆண்களுடையதைவிட வேகமாகப் பழசாகிவிடும். திருமணத்துக்குப் பின் சிலர் பெயரையோ தலைப்பெழுத்தையோ மாற்றிக்கொள்கிறார்கள், ஊர் மாறுகிறது, வேலையை விட்டால் அலுவலக மின்னஞ்சல் போய்விடுகிறது, பல்கலைக்கழகம் கொடுத்த மின்னஞ்சல் படிப்பு முடிந்து சில காலத்தில் மூடப்படுகிறது. பதிவேட்டில் ஒரு பெயர், லிங்க்ட்இன்னில் இன்னொன்று, தோழிகள் கூப்பிடுவது மூன்றாவது. ஆகவே பெயருக்கு ஒரு கட்டம் போதாது. பட்டச் சான்றிதழில் உள்ள பெயர், இப்போதைய பெயர், வெளியே எதைக் காட்டலாம் என்று மூன்று கட்டம் வேண்டும். பழைய பெயரை வெளியில் காட்ட விரும்பாதவர்கள் உண்டு. அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டியதில்லை.

மற்றவை: பட்டம், துறை, முடித்த ஆண்டு, சொந்த மின்னஞ்சல், இருக்கும் ஊர், செய்யும் வேலை, எதில் உதவ முடியும், எதில் உதவி வேண்டும். கூடவே ஒரு பேட்ச் தோழியின் பெயர். அஞ்சல் திரும்பி வந்தால் அவரிடம் விசாரிக்கலாம். தோழியின் எண்ணை மட்டும் படிவத்தில் கேட்காதீர்கள், அதைத் தர இவருக்கு உரிமை இல்லை. திருமணமானவரா, குழந்தைகள் எத்தனை என்ற கேள்விகள் எதற்கும் பயன்படாது, பாதிப்பேர் அங்கேயே படிவத்தை மூடிவிடுவார்கள். ‘என்ன வேலை செய்கிறீர்கள்’ என்பதில் ‘இப்போது ஊதிய வேலையில் இல்லை’ என்பதையும் மற்ற விடைகளோடு சமமாக வையுங்கள். ‘இல்லத்தரசி’ என்ற ஒரே சொல்லுக்குள், தேர்வுக்குப் படிப்பவர், பெற்றோரைப் பராமரிப்பவர், அடுத்த மாதமே வேலை தேடப்போகிறவர் ஆகிய எல்லாரும் அடைபட்டுப் போவார்கள்.

ஒரு பேட்ச் பொறுப்பாளருக்கு 40 முதல் 50 பெயர். அதற்கு மேல் கொடுத்தால் அவர் தனக்குத் தெரிந்த 15 பேரை மட்டும் கூப்பிட்டுவிட்டு விட்டுவிடுவார். ஆண்டில் ஒரே ஒரு மாதத்தைப் பட்டியல் மாதமாக வைத்து, எல்லாப் பொறுப்பாளரும் அந்த நான்கு வாரத்தில் சரிபார்க்க வேண்டும். ஆண்டு முழுவதும் பார்த்துக்கொள்ளலாம் என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

அஞ்சல் அனுப்புவதிலும் தவறுவதுண்டு. இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து ஒரு நாளில் 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. எல்லா முகவரிகளையும் பெறுநர் கட்டத்தில் போட்டு அத்தனை பேருக்கும் அத்தனை முகவரியையும் காட்டிவிடுவது இன்றும் நடக்கிறது. ஆயிரம் பேரைத் தாண்டினால் அஞ்சல்பட்டியல் சேவைதான் சரி. உங்கள் பெயரில் சொந்தத் தள முகவரி இருந்தால் அதற்கு அஞ்சல் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்புப் பதிவுகளும் இடப்பட்டிருக்க வேண்டும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாஹூவும் மொத்தமாக அனுப்புவோரிடம் இவற்றைக் கண்டிப்பாகக் கேட்கின்றன, ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கேட்கின்றன. ‘அழைப்பு வரவே இல்லை’ என்ற புகார்களில் நிறைய, குப்பைப் பெட்டியில் கிடக்கும் அஞ்சல்கள்தான்.

வழிகாட்டல்: ஒருவருக்கு ஒருவரா, வட்டமா

வலையமைப்பு அமைந்ததும் எல்லாரும் முதலில் தொடங்குவது வழிகாட்டித் திட்டம். ஒரு மூத்தவர், ஓர் இளையவர் என்று ஜோடி சேர்ப்பது அழகாகத் தெரியும். ஆனால் இருவரில் ஒருவர் தளர்ந்தாலும் ஜோடி முடிந்தது. பெரும்பாலானவை முதல் சந்திப்பே நடக்காமல் நின்றுபோகின்றன. மூத்தவர் அழைப்பார் என்று இளையவரும், தேவைப்பட்டால் கேட்பாள் என்று மூத்தவரும் காத்திருப்பார்கள். ஜோடியை அறிவிக்கும் அஞ்சலிலேயே முதல் சந்திப்பின் நாளும் நேரமும் இருந்தால், அதுவும் 14 நாளுக்குள் இருந்தால், இந்தச் சிக்கல் பெரிதும் குறையும். மாதம் ஒரு முறை, 45 நிமிடம், ஆறு மாதம் என்று முடிவுத் தேதியும் இருக்க வேண்டும். முடிவில்லாத ஏற்பாட்டுக்கு நேரமில்லாத பெண்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொண்டவர்கள் குற்ற உணர்வோடு நழுவுவார்கள்.

வட்டம் என்பது இரண்டு மூத்தவர், ஐந்தாறு இளையவர். ஒருவர் வராவிட்டாலும் கூட்டம் நடக்கும். இளையவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்பார்கள், மூத்தவர்கள் குறைவாக இருக்கும் துறைகளில் இதுதான் கட்டுப்படியாகும். முன்னே சொன்ன உள்வட்டமும் இப்படித்தான் உருவாகிறது. ஆகவே ஒரே துறை ஆட்களாகப் போடாமல் மூன்று நான்கு துறைகளைக் கலந்து வட்டம் அமையுங்கள். முனைவர் பட்டம், தொழில் தொடங்குவது, குறிப்பிட்ட தேர்வு என்று குறுகலான தேவைக்கு மட்டும் தனி ஜோடி. தொடங்கும் ஆண்டில் வட்டம், இரண்டாம் ஆண்டில் அதிலிருந்து கேட்பவர்களுக்கு ஜோடி என்ற வரிசையை நாங்கள் விரும்புகிறோம்.

அறிவுரை கொடுப்பதோடு நின்றுவிடுவது இன்னோர் ஆபத்து. பெண்களுக்கு வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கிறார்கள், தம் செல்வாக்கைப் பணயம் வைத்துப் பரிந்துரைப்பவர்கள்தான் கிடைப்பதில்லை என்று மேலாண்மை ஆய்வாளர் ஹெர்மினியா இபார்ரா முதலியோர் 2010-இலேயே எழுதினார்கள். எனவே மூத்தவர்களிடம் ‘எத்தனை பேருக்கு வழிகாட்டுவீர்கள்’ என்று கேட்பதோடு, ‘இந்த ஆண்டில் எத்தனை பேரை இன்னொருவருக்கு அறிமுகப்படுத்துவீர்கள்’ என்றும் கேளுங்கள். ஆண்டுக்கு இரண்டு அறிமுகம் என்பது பெரும்பாலோரால் முடியும். அறிமுக அஞ்சலில் மூன்று வரி இருந்தால் போதும்: இவர் யார், இவருடைய எந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன், உங்களிடம் 20 நிமிடம் எதற்காகக் கேட்கிறார். இரண்டாவது வரியை மூத்தவர் நேர்மையாக எழுத வேண்டுமானால் இளையவரின் ரெஸ்யூமேயையும் ஏதாவது ஒரு வேலை மாதிரியையும் முன்பே படித்திருக்க வேண்டும். பழக்கமில்லாதவரைக் கண்மூடிப் பரிந்துரைக்கச் சொன்னால் மூத்தவர்கள் ஓராண்டில் ஒதுங்கிவிடுவார்கள்.

இடைவெளிக்குப் பின் திரும்புபவர்களுக்கு ஊக்க உரை வேண்டாம். அவர்களுக்கு ரெஸ்யூமேயில் அந்த ஆண்டுகளை எப்படி எழுதுவது என்பது தெரிய வேண்டும், துறையில் மாறிப்போன மென்பொருளும் விதிகளும் எவை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், ஒரு மாதிரி இன்டர்வியூ வேண்டும், சிறிய ஒப்பந்த வேலை ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. கோல்ட்மன் சாக்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி 2008-இல் தொடங்கியது போன்ற மறுநுழைவுத் திட்டங்கள் இப்போது பல நிறுவனங்களில் உள்ளன. எந்தெந்த நிறுவனத்தில் எந்த மாதம் விண்ணப்பம் திறக்கிறது என்று ஒரு நாட்காட்டி வைத்திருப்பது பத்துக் கருத்தரங்குகளைவிடப் பயன்படும்.

கூட்ட நேரத்தை ஒரே மாதிரி வைக்காதீர்கள். ஒரு மாதம் வார நாள் மதியம், அடுத்த மாதம் விடுமுறை நாள் காலை என்று மாற்றினால்தான் சிறு குழந்தை உள்ளவரும் வெளிநாட்டில் இருப்பவரும் மாறி மாறி வர முடியும்.

எதை எப்போது எடுப்பது

வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் கொடுக்க ஒருவரும் இல்லையென்றால் பேட்ச் குழுக்களோடும் உதவிப் படிவத்தோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். பெயர், இலச்சினை எதுவும் வேண்டாம். பொதுச் சங்கம் உயிரோடு இயங்குகிறது, மூன்று நிபந்தனைகளுக்கும் எழுத்தில் ஒத்துக்கொள்கிறது என்றால் மகளிர் பிரிவு. சங்கம் பெயரளவில் மட்டும் இருந்தாலோ, அது மறுத்தாலோ, பல நிறுவனங்களின் பட்டதாரிகளைச் சேர்க்க நினைத்தாலோ தனிச் சங்கம். ஆனால் பொருளாளராக இருக்க முன்வருபவர் பெயர் தெரிந்த பிறகுதான் பதிவுக்குப் போக வேண்டும். தலைவராக ஆள் கிடைப்பது எப்போதும் எளிது. இறுதியாண்டு மாணவிகளுக்கான திட்டம் மட்டும்தான் நோக்கம் என்றால் அலுவலகத்தோடு சேர்வதே போதும்.

நிபந்தனைகளைச் சங்கம் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் அதற்காக ஓராண்டைக் காத்துக் கழிக்க வேண்டியதில்லை. பேட்ச் குழுக்கள் வழியாகப் படிவத்தைச் சுற்றுக்கு விடுங்கள். 12 மாதத்தில் 300 பேரின் புதுப்பித்த விவரம் கையில் இருந்தால், பேச்சுவார்த்தையில் நீங்கள் உட்காரும் இடமே மாறிவிடும். அப்படி ஒரு நாள் பட்டியலைப் பிரிவுக்கோ புதிய சங்கத்துக்கோ மாற்ற வேண்டியிருக்கும் என்பதை இப்போதே நினைத்துக்கொண்டு, ஒப்புதல் வரியில் ‘என் விவரங்களை இந்த வலையமைப்பும், இதன் தொடர்ச்சியாக அமையும் முன்னாள் மாணவியர் அமைப்பும் பயன்படுத்தலாம், எப்போது வேண்டுமானாலும் நீக்கச் சொல்லலாம்’ என்று எழுதி, நிரப்பிய தேதியோடு சேமியுங்கள். இந்த வரி விடுபட்டால் 300 பேரிடமும் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.